ரெப்பச்சாகே

ராஜபாளையம்
27.2.1989

அத்தானுக்கு ஜெயபாய் எழுதிக்கொள்வது.

நான் சுகம், உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை உங்கள் சுகத்துக்காகத் தெருவே ஜெபித்து முடித்துவிட்டது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளை போன திங்கட்கிழமை பிறந்தான். மூச்சுவிடச் சிரமப்பட்டான். உடனே உங்களுக்குத் தந்தி கொடுக்கச் சொன்னேன். 'குழந்தை நிலை மோசம், புறப்பட்டு வா' என்று உங்கள் தம்பி பொன்னுராஜ்தான் கொடுத்துவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிள்ளை போய்விட்டான். அன்று சாயங்காலமே நம் சபை ஐயரை அழைத்துக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன்.

புதன்கிழமை என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். ரிக்‌ஷாவை விட்டு இறங்கும்போதே வாசல் நிறைய ஆட்கள். உள்ளே அழுகைச் சத்தம். எனக்காகத்தான் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வீட்டு முத்துப்பேச்சி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, உனக்கு யாரும் சொல்லலையா? உன் வீட்டுக்காரவியளுக்கு முடியலையாம்!" என்றாள்.

உங்கள் பதில் தந்தி அன்று காலையில் வந்திருக்கிறது. மில் ஆபீஸ் காசிராஜன் அண்ணாச்சிதான் வாசித்து அர்த்தம் சொன்னாராம். 'லாஸ்ட் ஹீட். ரெப்பச்சாகே வெள்ளிக்கிழமை. புறப்பட முடியாது.' நான் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். "ஹீட்டுன்னா சூடு. லாஸ்ட்டுன்னா போயிருச்சு. தம்பிக்கு உடம்புல சூடு இல்லை. ரெப்பச்சாகேங்கிறது வடக்க செய்யுற பெரிய ஆப்பரேசன். நான் கேள்விப்பட்டிருக்கேன்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "எம்புள்ளைக்குச் சூடு போயிருச்சே" என்று கதறினார்கள். ஐயர் வந்தார். என் பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் ஜெபித்தவர் உங்களுக்காக ஒரு மணி நேரம் ஜெபித்தார். நானும் அழுதேன். அதைத்தான் இப்போது பொறுக்க முடியவில்லை. மூன்று நாள் நான் என் பிள்ளைக்காக அழவில்லை. உங்களுக்காக அழுதேன்.

சனிக்கிழமை அடுத்த தந்தி வந்தது. 'தேர்வாகிவிட்டோம். ஞாயிறு இறுதிப் போட்டி. ஜெபிக்கவும்.' அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. அத்தை சந்தோஷத்தில் தெருவுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். எனக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலித்துக் கிடந்த நாள் அது. எனக்கும் ஒரு மிட்டாய் வந்தது.

பிள்ளை எப்படி இருக்கிறான் என்று இரண்டு தந்தியிலும் ஒரு சொல் இல்லை. எனக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம். அந்த ரெப்பச்சாகே என்றால் என்ன என்று மட்டும் எழுதுங்கள். என் பிள்ளையைவிடப் பெரிய காரியம் எது என்று தெரிந்துகொள்கிறேன்.

ஜெயபாய்


பெங்களூர்
8.3.1989

அன்புள்ள ஜெயாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்க முடியவில்லை. தந்தியை இப்படி வாசிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? காசிராஜன் அண்ணாச்சிக்கு ஒன்றும் தெரியாது என்று அன்றைக்கே ஒருவர்கூடவா சொல்லவில்லை?

அதை ரெபெஷாஜ் என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சு வார்த்தையாம். படகுப் போட்டியில் முதலில் ஒரு சுற்று வைப்பார்கள். அதற்குப் பெயர் ஹீட். அதில் ஜெயித்த படகு நேராக இறுதிப் போட்டிக்குப் போய்விடும். தோற்ற படகுகளை எல்லாம் சேர்த்து இன்னொரு போட்டி வைப்பார்கள். அதுதான் ரெபெஷாஜ். தோற்றவனுக்கு இன்னொரு வாய்ப்பு என்று எங்கள் சுபேதார் அர்த்தம் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை சண்டிகர் ஏரியில் நாங்கள் ஹீட்டில் தோற்றோம். கரைக்கு வந்து படகைத் தூக்கிவைக்கும்போது உங்கள் தந்தியைக் கையில் கொடுத்தார்கள்.

சுபேதார் போகாதே என்று சொல்லவில்லை. உன் இஷ்டம் என்றார். படகில் எட்டுப் பேர் துடுப்பு வலிக்கிறோம். எனக்கு மூன்றாவது இடம், மாற்று ஆள் கிடையாது. நான் எழுந்து போனால் மற்ற ஏழு பேரும் கரையில் உட்கார வேண்டியதுதான். ஒரு வருஷமாக விடியற்காலைக் குளிரில் தண்ணீரில் இறங்கியவர்கள். ஒருவன் முகத்தையும் பார்க்க முடியாமல் நின்றேன். சண்டிகரிலிருந்து அங்கே வந்து சேர மூன்று நாள் ஆகும். அதற்குள் பிள்ளை தேறிவிடுவான், இல்லாவிட்டால் இல்லை. இரண்டில் எது நடந்தாலும் நான் ரயிலில்தான் இருந்திருப்பேன். பிள்ளை போய்விட்ட தந்தியை இறுதிப் போட்டி முடிந்த பிறகுதான் என்னிடம் கொடுத்தார்கள். அடக்கமும் முடிந்துவிட்டது, இனி வந்து என்ன செய்ய என்று நினைத்து அணியோடு பெங்களூர் வந்துவிட்டேன்.

மூன்றாவது இடம் கிடைத்தது. வெண்கலப் பதக்கம். சொன்னால் நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்திருந்தேன்.

ஜெயா, மனதைத் தளரவிடாதே. நமக்கு என்ன வயதாகிவிட்டது? ஒரு தடவை தோற்றால் என்ன, நமக்கும் ஒரு ரெபெஷாஜ் உண்டு. அடுத்த லீவில் வருகிறேன். கர்த்தர் இன்னொரு பிள்ளையைத் தருவார்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா சொல்வதைக் கேட்டு நட.

உன் அன்புள்ள
ஞானதுரை


ராஜபாளையம்
15.3.1989

அத்தானுக்கு,

நான் தோற்கவில்லை. என் பிள்ளையும் தோற்கவில்லை. அவன் ஒரு பகலும் ஒரு இரவும் மூச்சுக்குப் பாடுபட்டான். அதை நான் கண்ணால் பார்த்தேன். நர்ஸ் என் பக்கத்தில் கொண்டுவந்து கிடத்தினாள். விரலை நீட்டினேன். பிடித்துக்கொண்டான். நெற்றி அப்படியே உங்கள் நெற்றி. இடது காதுமடல் கொஞ்சம் மடங்கியிருந்தது. எங்கள் அம்மா அதை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்கள், வளர வளரச் சரியாகிவிடும் என்று.

அவனை ஹீட் என்று எழுதிவிட்டீர்கள். இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் பெயர் வைத்துவிட்டீர்கள், ரெபெஷாஜ் என்று. எந்த மனுஷன் தன் பெண்டாட்டிக்கு இப்படி எழுதுவான்?

மூன்று நாள் ஆகும் என்று கணக்குச் சொல்கிறீர்கள். ஆகட்டும். மூன்று நாள் கழித்து வந்திருந்தாலும் நான் இருந்தேனே. பத்து நாள் கழித்து வந்திருந்தாலும் இருந்தேனே. இனி வந்து என்ன செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வீட்டில் நான் ஒருத்தி கிடந்தது உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா?

நாளை நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, எங்கள் அம்மா வீட்டுக்குப் போகிறேன். அத்தையிடம் சொல்லிவிட்டேன். "போறவ போ, எம்புள்ள வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார்கள். வந்து கேட்கிற பிள்ளையாக இருந்தால் நான் ஏன் போகிறேன் என்று சொன்னேன்.

ஜெயபாய்


பெங்களூர்
2.4.1989

ஜெயபாய்க்கு,

நீ சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டதாக அம்மா எழுதியிருக்கிறாள். நீ சொல்லிவிட்டுப் போனதாக எழுதியிருக்கிறாய். நான் இங்கே இருந்துகொண்டு யாரை நம்புவது? எப்படி இருந்தாலும் புருஷன் வீட்டை விட்டுப் போக உனக்கு யார் உத்தரவு கொடுத்தது? இந்தக் கடிதம் கண்டவுடன் ராஜபாளையம் போய்ச் சேர். அரை மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு ஊர் சிரிக்கும்படி செய்யாதே.

நீ என்னை ஏதோ கல்நெஞ்சக்காரன் மாதிரி எழுதுகிறாய். உன் கடிதத்தைப் பட்டாளத்துப் பாரக்கில் எல்லார் நடுவிலும் படிக்க முடியாமல் குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு படித்தேன். வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அது உனக்குத் தெரியுமா?

மில்லில் பஞ்சு தூக்கிக்கொண்டிருந்தபோது என் பெயர்கூட யாருக்கும் தெரியாது. "ஏலே, இங்க வா", அவ்வளவுதான். இங்கே ஏரியில் முதல் தடவை துடுப்பைப் பிடித்தபோது, உன் தோளுக்கு இது பொருந்தும் என்று சுபேதார் சொன்னார். என்னை ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாங்கள் எட்டுப் பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவோம். எதிரே வருவது எங்களுக்குத் தெரியாது. சுக்கான் பிடிக்கிறவன் ஒருவன்தான் முன்னால் பார்ப்பான். அவன் சொல்கிற இடத்தில் வலிக்க வேண்டும், அதுதான் எங்கள் வேலை. அன்றைக்கு நான் அப்படித்தான் இருந்தேன். பிள்ளை போவான் என்று தெரிந்தா உட்கார்ந்தேன்?

இன்னும் என்னைக் குற்றம் சொல்லித்தான் எழுதுவாய் என்றால் எழுதாதே.

ஞானதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
24.4.1989

அத்தானுக்கு,

எழுதாதே என்று சொல்லியிருந்தீர்கள். இந்த ஒன்றை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் அம்மா இங்கே கான்வென்ட் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறார்கள். தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது இப்போது நான்தான். அங்கே பரிபூரணம் என்று ஒரு வயதான சிஸ்டர் இருக்கிறார்கள். பாண்டிச்சேரிக்காரர்கள், பிரெஞ்சு படித்தவர்கள் என்று அம்மா சொன்னார்கள். நாம் வேற சபை, அவர்கள் ஏதாவது நினைப்பார்களோ என்று தயங்கித்தான் போய்க் கேட்டேன். சுபேதார் சொன்ன அர்த்தம் எனக்குப் போதவில்லை.

சிஸ்டர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள். "பெஷேன்னா மீன் பிடிக்கிறது. முன்னால ஒரு 'ரெ' போட்டா, தண்ணியில விழுந்ததைத் திரும்பப் பிடிச்சு வெளிய எடுக்கிறது. குளத்துல விழுந்த பிள்ளையைத் தூக்கினாலும் அந்த வார்த்தைதான். பரீட்சையில ரெண்டு மார்க்குல தவறிப்போன பையனுக்கு வாத்தியார் மார்க் போட்டுக் கரையேத்திவிட்டாலும் அதே வார்த்தைதான். படகுக்காரங்க அங்கேருந்துதான் எடுத்திருப்பாங்க" என்றார்கள். அந்த எழுத்துக்கு மேலே கூரை மாதிரி ஒரு கோடு போட்டிருந்தார்கள். அது எதற்கு என்று கேட்டேன். சிரித்தார்கள். "இந்தக் கூரையை எடுத்துட்டு ஒரு சாய்ஞ்ச கோடு போட்டா, மீன் பிடிக்கிறது போயிரும். பாவம் செய்யிறதுன்னு அர்த்தமாயிரும். எங்க வகுப்புல பாதிப் பேரு அதுல தப்பு விடுவோம்."

நான் சிரிக்கவில்லை. "சிஸ்டர், விழுந்தவனே நீந்தி வெளிய வந்துட்டா அதுக்கும் இந்த வார்த்தைதானா?" என்று கேட்டேன். "இல்லம்மா. அவன் பிழைச்சுக்கிட்டான், அவ்வளவுதான். இதுக்குக் கரையில இன்னொரு ஆள் வேணும்" என்றார்கள்.

நீங்கள் எனக்கு எழுதியது தப்பு. தோற்றவனுக்கு இன்னொரு வாய்ப்பு என்பது உங்கள் ஏரியில் வந்த அர்த்தம். அந்தச் சொல் பிறந்தபோது அதில் போட்டியும் கிடையாது, பதக்கமும் கிடையாது. தண்ணீரில் ஒரு ஆள், கரையில் ஒரு ஆள், அவ்வளவுதான். பிப்ரவரி மாதம் நான் தண்ணீரில் கிடந்தேன். கை கொடுக்க வேண்டிய ஆள் அந்தச் சொல்லையே தந்தியில் எழுதி, வர முடியாது என்று அனுப்பினார்.

கான்வென்டிலிருந்து வீடுவரை அழுதுகொண்டே நடந்தேன். அன்றைக்குத்தான் என் பிள்ளைக்காக அழுதேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

எட்டுப் பேரும் முதுகைக் காட்டி உட்காருவோம் என்று எழுதியிருந்தீர்கள். முதுகைக் காட்ட உங்களுக்கு ராணுவத்தில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாம்.

நான் ராஜபாளையம் போகமாட்டேன்.

ஜெயபாய்


ராஜபாளையம்
28.12.1989

ஜெயாவுக்கு,

எட்டு மாதம் நான் ஒன்றும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை நேரில் வந்தேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாப்பிள்ளை வந்து வாசலில் நிற்கிறான். உங்கள் அம்மா நிலைப்படியிலேயே நின்றுகொண்டு, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் கதவு மூடிக்கொண்டது. எனக்குக் கோபம் வந்தது. "ஏட்டி, வெளிய வா, பேசணும்" என்று கத்தினேன். எதிர்வீட்டு மாடியிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கதவில் ஒரு உதையும் விட்டேன். அதுவும் உனக்குக் கேட்டிருக்கும்.

ராஜபாளையம் வந்து, உன்னையும் உங்கள் அம்மாவையும் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். பொன்னுராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"நிறுத்துண்ணே. பிள்ளையைத் தூக்கிட்டுப் போனது யாரு தெரியுமா? நானு. மதினியோட பழைய சேலையில சுத்திக் கையில குடுத்தாவ. எம்புட்டு லேசா இருந்துச்சு தெரியுமா? நான் அதுக்கு முந்தி ஒரு பச்சப்பிள்ளையத் தூக்கினதே இல்ல. நீ வந்திருக்கணும். நீ வரல. இப்ப வந்து கதவை உதைச்சேன்னு பெருமையாச் சொல்லுத."

அம்மா அவனை அடக்கப் பார்த்தாள். "நீங்க பேசாதீங்க, மிட்டாய் குடுத்தவிய" என்று அவளிடமும் விழுந்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அவன் நகரவில்லை. எனக்குத்தான் கை இறங்கிவிட்டது.

நேற்றுக் காலை அவனைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். தெற்கு மதில் ஓரம். மழைக்கு அப்புறம் புல் இடுப்பளவு வளர்ந்து கிடக்கிறது. அவன் கொஞ்ச நேரம் இங்கும் அங்கும் நடந்தான். ஒரு இடத்தில் நின்றான். பிறகு தள்ளி இன்னொரு இடத்தில் நின்றான். "அடையாளத்துக்கு ஒரு கல்லு வச்சேன்ணே. காணல. இதுதான்னு நெனைக்கேன்" என்று சொல்லிவிட்டு அழுதான். இரண்டு இடத்திலும் நானே புல்லை அறுத்தேன். எது என்று தெரியாமல் இரண்டு இடத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

அவன் இன்னொன்றும் சொன்னான். நீ பிள்ளைக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாயாம். நர்ஸ் சொன்னாளாம். என்ன பெயர் என்று கேட்டேன். "தெரியாது. யாரும் மதினிகிட்ட கேக்கல" என்றான். அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. ஐயர் வீட்டுக்குப் போனேன். புத்தகத்தில் 'ஞானதுரையின் ஆண் குழந்தை' என்றுதான் எழுதியிருக்கிறது.

ஆசாரியிடம் சிலுவை செய்யச் சொல்லியிருக்கிறேன். என்ன பெயர் எழுத என்று கேட்கிறான். பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஒன்றாம் தேதி படகுப் பயிற்சி முகாமுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். லீவு பதினைந்துவரை இருக்கிறது, அதுவரை வரமாட்டேன் என்று தெரிவித்துவிட்டேன். மூன்றாவது இடத்தில் வேறு ஆள் உட்காருவான். உட்காரட்டும்.

பெயரை மட்டும் ஒரு கார்டில் எழுதி அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஞானதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.12.1989

அத்தானுக்கு,

கதவை மூடியது எங்கள் அம்மா இல்லை. அவர்கள் உங்களைத் திட்டிவிட்டு உள்ளே விட்டிருப்பார்கள். பின்னால் நின்று கதவைத் தள்ளித் தாழ்ப்பாள் போட்டது நான். நீங்கள் உதைத்தபோது கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தேன். அந்த உதை என் முதுகில்தான் விழுந்தது. அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம்.

பொன்னுராஜ் தம்பியிடம் சொல்லுங்கள், அந்தக் கல் காணாமல் போனது அவர் தப்பு இல்லை என்று. அவர் ஒருத்தர்தான் அன்றைக்கு என் பிள்ளைக்கு ஆணாக நின்றவர். முதலில் நின்ற இடம்தான் சரியாக இருக்கும். மதிலில் காரை பெயர்ந்த இடத்துக்கு நேர் எதிரே என்று ஐயர் எங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். போய்ப் பாருங்கள்.

பத்து மாதம் உங்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. ஆசாரி கேட்ட பிறகுதான் தேவைப்பட்டது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது கோபம்தான், இப்போதும் அதுதான் இருக்கிறது. புல் அறுத்ததற்காக அது போய்விடாது. முகாமுக்குப் போகாமல் இருந்ததற்காகவும் போய்விடாது. போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்துவிடாதீர்கள்.

பெயரை நான் கார்டில் எழுதமாட்டேன். தபால்காரர் படிப்பார், காசிராஜன் அண்ணாச்சி மாதிரி யாராவது அர்த்தம் சொல்லுவார்கள். அந்தப் பெயரை நான் வாயால் சொன்னேன், அவன் காதால் கேட்டான். நீங்களும் காதால்தான் கேட்க வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் வாருங்கள். அத்தையைக் கூட்டிவர வேண்டாம். யூனிஃபார்மில் வர வேண்டாம், பதக்கத்தைக் கொண்டுவர வேண்டாம். தட்டினால் நானே திறப்பேன். திறந்ததும் சண்டை போடுவேன். பிப்ரவரி மாதத்திலிருந்து சொல்ல வேண்டியது அவ்வளவு இருக்கிறது, அதையெல்லாம் சத்தமாகத்தான் சொல்லுவேன், எதிர்வீட்டு மாடிக்கும் கேட்கும். நீங்கள் பதில் பேசக்கூடாது. உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கடைசிவரை கேட்டால் பெயரைச் சொல்லுவேன். பாதியில் எழுந்தால் அந்தச் சிலுவையை வெறுமையாகவே நட்டுவிட்டு நீங்கள் பெங்களூர் போகலாம்.

ஜெயபாய்